செமஸ்டர் நடுவில் மூச்சு முட்டுகிறதா? கல்லூரி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைம்டேபிளில் வாரத்துக்கு 16 ஹவர் என்றுதான் இருக்கும். பார்த்தால் பெரிய சுமையாகத் தெரியாது. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையும் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம் என்றுதான் நேரடி வகுப்பைக் கணக்கிடுகிறது. அதே விதிமுறை மொத்த வேலையை வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கிறது. மிச்சமுள்ள 24 மணி நேரத்துக்குள் பாடத் தயாரிப்பு, விடைத்தாள், லேப் ரெக்கார்ட், வினாத்தாள், மென்டார் பொறுப்பு (சில மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருப்பது), தர மதிப்பீட்டு அமைப்புகளான நாக், என்.பி.ஏ. கேட்கும் கோப்புகள் எல்லாம் அடங்க வேண்டும். செமஸ்டர் தொடங்கிய முதல் மாதம் அடங்கிவிடும். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த வாரத்திலிருந்து அடங்காது.

இந்தச் சுமையில் ஒரு பகுதி ஆள் பற்றாக்குறையால் வருவது. அதைத் தனி ஆளாக யாரும் மாற்ற முடியாது, அதற்காக யாரும் தன்னை நொந்துகொள்ளவும் வேண்டாம். இன்னொரு பகுதி வேறு வகை. ஐந்து நிமிடத்தில் முடியக்கூடிய வேலையை அது வந்த அன்றே முடிக்காமல் விட்டு, இரண்டு மாதம் கழித்து அதையே ஐந்து மணி நேரம் செய்வது. குறைக்கக் கூடியது அந்தப் பகுதிதான். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆசிரியரின் செமஸ்டரை வைத்து இங்கே பார்க்கலாம். கலை, அறிவியல் கல்லூரிக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

45 பீரியடையும் நம்பித் திட்டம் போடுவது

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 3 கிரெடிட் தியரி பாடம் என்றால் 5 யூனிட், யூனிட்டுக்கு 9 பீரியட், மொத்தம் 45. வாரத்துக்கு 3 பீரியட், 15 வாரம். லெசன் பிளானைப் பலரும் அப்படியே யூனிட்டுக்கு மூன்று வாரம் என்று பங்கு போட்டுவிடுகிறார்கள். ஆட் (ஒற்றைப்படை) செமஸ்டரில் விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, தீபாவளி, மழை விடுமுறை வரும். ஈவன் செமஸ்டர் என்றால் பொங்கல், விளையாட்டு விழா. இவற்றோடு இன்டர்னல் தேர்வு நாட்களும் சிம்போசியமும் பிளேஸ்மென்ட் பயிற்சியும் சேர்ந்துகொள்ளும். ஐந்தாறு பீரியட் எப்படியும் கையைவிட்டுப் போகும். ஐந்தாவது யூனிட் கடைசி வாரத்தில் ஸ்பெஷல் கிளாஸாக வந்து நிற்கும். ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவதும் இன்டர்னல் மதிப்பெண் ஏற்றுவதும் அதே வாரத்தில்தான்.

முதல் வாரமே கல்விக் காலண்டரை எடுத்து, உங்கள் வகுப்பு எந்தெந்தக் கிழமை என்று பார்த்து, அந்தக் கிழமைகளில் உண்மையாக எத்தனை நாள் மிஞ்சுகிறது என்று எண்ணுங்கள். திங்கள், வெள்ளி வகுப்புகள்தான் அதிகம் அடிபடும். விடுமுறை அந்தக் கிழமைகளில் விழாவிட்டாலும் அதை ஒட்டி மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். 39 அல்லது 40 பீரியடுக்குள் ஐந்து யூனிட்டும் முடியும்படி எழுதிக்கொள்ளுங்கள். மிச்ச இடத்தை வெற்றாக விடுங்கள். எந்தத் தலைப்பைச் சுருக்குவது என்பதையும் அப்போதே குறித்துவிட வேண்டும். செமஸ்டர் வினாத்தாளில் 13 மதிப்பெண் கேள்வி யூனிட்டுக்கு ஒன்றாக வருவதால் எல்லா யூனிட்டுக்கும் ஏறக்குறைய ஒரே எடைதான். முதல் யூனிட்டை 14 பீரியட் விரிவாக நடத்தினால் அதற்கான விலையைக் கடைசி யூனிட்தான் கொடுக்கும்.

ஒவ்வொரு வகுப்புக்கும் புதிதாக ஸ்லைடு செய்வது

புதுப் பாடம் எடுக்கும்போது ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து முப்பது ஸ்லைடு செய்கிறவர்கள் நிறைய. அதில் பெரும்பங்கு நேரம் எழுத்துருவுக்கும் படத்தைத் தேடி ஒட்டுவதற்கும் போகிறது. முதல் முறை நடத்தும் பாடத்துக்குக் கையால் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு போதும். போர்டில் வரைய வேண்டிய ஒரு படம், முழுதாகப் போட்டுப் பார்த்த ஒரு கணக்கு, வகுப்பின் நடுவில் கேட்க இரண்டு கேள்வி, இவ்வளவு அதில் இருக்க வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்க்காமல் மட்டும் வகுப்புக்குப் போகக் கூடாது. பாடநூலின் விடையிலேயே பிழை இருப்பது உண்டு. அது போர்டின் முன் நிற்கும்போது தெரியவந்தால் அந்தப் பீரியடே போய்விடும்.

வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்ததும் அந்தக் குறிப்பின் ஓரத்தில் மூன்று வரி எழுதுங்கள்: எங்கே மாணவர்கள் விழித்தார்கள், எது நேரத்தைத் தின்றது, எது மிஞ்சியது. அடுத்த ஆண்டு தயாரிப்பை இந்த மூன்று வரி பாதியாக்கும்.

விடைத்தாளை மொத்தக் கூட்டலோடு முடிப்பது

செமஸ்டரிலேயே அதிக நேரத்தை விழுங்கும் தவறு இதுதான். 60 பேர் கொண்ட இரண்டு வகுப்பு, தாளுக்கு 6 நிமிடம் என்றால் 120 தாளுக்கு 12 மணி நேரம். திருத்தி, கூட்டி, மேலே மொத்த மதிப்பெண்ணை மட்டும் போட்டு, போர்ட்டலில் ஏற்றி, தாளை மாணவர்களிடம் கொடுத்தாயிற்று. வேலை முடிந்த மாதிரிதான் இருக்கும். செமஸ்டர் கடைசியில் சி.ஓ. அட்டெயின்மென்ட் கேட்பார்கள். எந்தக் கேள்வி எந்தக் கோர்ஸ் அவுட்கமுக்கு (சி.ஓ., பாடம் முடிந்ததும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது) உரியது, அதில் எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள் என்ற கணக்கு அது. கேள்விவாரியான மதிப்பெண் இல்லாமல் அதைப் போட முடியாது. தாள்கள் மாணவர்களிடம். சிலரது தாள் எங்கே போனது என்று அவர்களுக்கே தெரியாது. திரும்ப வாங்கி, ஒவ்வொன்றையும் புரட்டி, 120 பேருக்கும் 15 கட்டம் நிரப்ப இரண்டு நாள் போகும். தாள் கிடைக்காதவர்களுக்குக் குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போடுகிற நிலை வரும். தவறு என்று தெரிந்தே செய்கிற வேலை மனதை அதிகம் அரிக்கும்.

திருத்துவதற்கு முன் எக்ஸலில் ஒரு ஷீட்டைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் வரிசையில் கேள்வி எண், இரண்டாவதில் அதற்கு உரிய மதிப்பெண், மூன்றாவதில் சி.ஓ. எண். நான்காவது வரிசையிலிருந்து மாணவர் பெயர்கள். பத்து தாள் திருத்தியதும் அந்தப் பத்தையும் ஏற்றிவிடுங்கள். மொத்தத்தை எக்ஸலே போட்டுவிடும், கூட்டல் பிழை என்று மாணவர்கள் வரிசையில் வந்து நிற்பதும் குறையும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ‘அல்லது’ கேள்விகளில் மாணவர் எழுதாத கேள்விக்குப் பூஜ்யம் போடக் கூடாது, கட்டத்தை வெற்றாக விட வேண்டும். 11 அ-வை 40 பேரும் 11 ஆ-வை 20 பேரும் எழுதியிருந்தால், ஆ-வின் கணக்கு அந்த 20 பேரை வைத்துத்தான் வர வேண்டும். எழுதாத 40 பேருக்கும் பூஜ்யம் போட்டால் எக்ஸல் அவர்களையும் எழுதித் தோற்றவர்களாக எண்ணிவிடும். 20 பேரில் 15 பேர் இலக்கை எட்டியிருந்தால் உண்மையில் 75 சதவீதம், பூஜ்யம் போட்ட ஷீட்டிலோ 60-க்கு 15, அதாவது 25 சதவீதம். அதற்குப் பிறகு ‘ஏன் அட்டெயின்மென்ட் குறைந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்’ என்று விளக்கம் எழுதும் வேலை வேறு. முயன்று, மதிப்பெண் கிடைக்காதவருக்கு மட்டுமே பூஜ்யம்.

திருத்தும் முறையிலும் ஒரு மாற்றம் உதவும். ஒருவரின் தாளை முதலிலிருந்து கடைசி வரை முடிப்பதற்குப் பதிலாக, 30 பேரின் 11-ஆம் கேள்வியை முழுதும் திருத்திவிட்டு 12-க்குப் போங்கள். விடைக்குறிப்பு மனதில் நிற்பதால் வேகம் கூடும். முதல் தாளுக்கும் முப்பதாவது தாளுக்கும் ஒரே அளவுகோல் இருக்கும். இரவு பதினொரு மணிக்குத் திருத்திய தாள்களுக்கு மட்டும் மதிப்பெண் இறுகிப்போவதும் இதில் குறையும். 20 தாளுக்கு ஒரு முறை எழுந்து நடங்கள்.

ரெக்கார்டை செமஸ்டர் கடைசிக்கு விடுவது

ஒரு லேபுக்கு 10 பரிசோதனை, 60 மாணவர். கையெழுத்துக் கணக்கு 600. ‘எல்லாம் சேர்த்துக் கொண்டு வாங்க’ என்று சொல்லிவிட்டால் அந்த 600-ம் மாடல் பிராக்டிகலுக்கு முந்தைய வாரத்தில் மேஜையில் மலையாகக் குவியும். அந்த நேரத்தில் யாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. மாணவர்களும் அதைத் தெரிந்துகொண்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதித் தருவார்கள்.

முந்தைய பரிசோதனையின் ரெக்கார்டில் கையெழுத்து இல்லாமல் அடுத்ததைத் தொடங்கக் கூடாது என்று முதல் லேபிலேயே சொல்லிவிடுங்கள். 30 பேர் கொண்ட ஒரு பேட்ச், ஆளுக்கு 2 நிமிடம் என்றால் லேப் நேரத்திலேயே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ரீடிங், மாதிரிக் கணக்கு ஒன்று, முடிவு, இந்த மூன்றையும் பார்த்தால் போதும். ஒரு கேள்வியும் கேட்டு மதிப்பெண்ணை அங்கேயே குறித்துவிட்டால் வைவாவும் ஆயிற்று.

வினாத்தாளைக் கெடு நாளின் இரவில் தயாரிப்பது

கே லெவல் (கேள்வி எந்த அளவு சிந்தனையைக் கேட்கிறது என்ற குறியீடு), சி.ஓ. எண், கல்லூரியின் வார்ப்புரு, விடைக்குறிப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு வினாத்தாளுக்கு நான்கு மணி நேரம் ஆகும். இரவில் செய்தால் கொடுக்க வேண்டிய தரவு ஒன்று விட்டுப்போகும், இல்லையென்றால் ஒரே கேள்வி இரண்டு பகுதியிலும் வந்துவிடும். ஒவ்வொரு யூனிட் முடிந்ததும் 10 இரண்டு மதிப்பெண் கேள்வியும் 4 பெரிய கேள்வியும் எழுதி வைத்துவிட்டால், வினாத்தாள் என்பது எடுத்துக் கோக்கிற வேலை மட்டுமே. கொடுப்பதற்கு முன் கடிகாரம் வைத்து நீங்களே ஒரு முறை எழுதிப் பாருங்கள். உங்களுக்கே முக்கால் மணி நேரம் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாணவர் முடிப்பது கடினம்.

நிகழ்ச்சி முடிந்தும் கோப்பு முடியாதது

கெஸ்ட் லெக்சர் நடந்தது. விருந்தினரை வழியனுப்பியாயிற்று. அறிக்கை மட்டும் பாக்கி. நாக் குழுவோ என்.பி.ஏ. குழுவோ வருகிறது என்றதும் கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. அதைக் கேட்கும். அப்போது ஜியோடேக் (எடுத்த இடத்தின் பதிவு) உள்ள போட்டோ மாணவர் ஒருவரின் பழைய போனில் இருக்கும். சர்க்குலர், வருகைப் பட்டியல், ஜியோடேக் போட்டோ இரண்டு, ஒரு பக்க அறிக்கை, மாணவர் கருத்து என்ற ஐந்தையும் நிகழ்ச்சி நடந்த இரண்டு நாளுக்குள் ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். ஃபோல்டரின் பெயரில் தேதியை முதலில் வைத்தால் தேடுவது எளிது. அரை மணி நேர வேலை.

எல்லாவற்றுக்கும் ‘சரி சார்’ என்பது

பொறுப்புகள் ஒவ்வொன்றாக வரும்: கிளாஸ் அட்வைசர், டைம்டேபிள், தேர்வுக் குழு, என்.எஸ்.எஸ்., இணையதளம். ஒவ்வொன்றும் ‘சின்ன வேலைதான்’ என்று சொல்லியே கொடுக்கப்படும். வாயால் மறுத்தால் ஒத்துழைக்காதவர் என்று பெயர் வரும். மௌனமாக ஏற்றுக்கொண்டால் இரண்டு வேலையும் கெடும். கையிலிருக்கும் பொறுப்புகளை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கோடு ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருங்கள். புது வேலை வரும்போது அதை ஹெச்.ஓ.டி.யிடம் காட்டிக் கேளுங்கள்: “சார், வெள்ளிக்குள்ள இன்டர்னல் மார்க் ஏத்தணும், அதே நாள்ல என்.பி.ஏ. ஃபைலும் கேட்டிருக்கீங்க. எதை முதல்ல முடிக்கட்டும்?” பெரும்பாலான நேரங்களில் ஒன்றின் கெடு நகரும், அல்லது வேறொருவர் உதவிக்கு வருவார். துறைத்தலைவருக்கும் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது முழுதாகத் தெரிந்திருக்காது. விரிவாக்கப் பணியையோ நிர்வாகப் பொறுப்பையோ சுமந்தால், அதற்கு ஈடாக வகுப்பு நேரத்தைக் கொஞ்சம் தளர்த்த முடியுமா என்பது இன்னொரு கேள்வி. அடுத்த டைம்டேபிள் போடும்போது பணிவாக அதைக் கேட்பதில் தவறில்லை.

வாட்ஸ்அப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பொறுப்பிலுள்ள 20 மென்டீ மாணவர்களும் இரண்டு வகுப்புக் குழுக்களும் இரவெல்லாம் செய்தி அனுப்பினால் தூக்கம் கெடும். விடுப்பு, ஓ.டி. (கல்லூரி வேலையாக வகுப்புக்கு வராததற்கான அனுமதி) எல்லாம் காலை 8 மணிக்குள் ஒரே படிவத்தில், மற்றவை மாலை 5 முதல் 6 வரை, உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் எந்நேரமும் போன் செய்யலாம் என்று சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னதை மாணவர்கள் மனதில் பதியும்படி சொல்ல வேண்டும். தவித்துப்போன ஒரு பிள்ளை ‘சார் தொந்தரவாக நினைப்பாரோ’ என்று தயங்கி நின்றுவிடக் கூடாது.

தொண்டையைக் கணக்கில் சேர்க்காதது

தொடர்ந்து மூன்று ஹவர், 60 பேர், ஓடும் மின்விசிறி, மைக் இல்லை. மாலையில் குரல் கம்மிவிடும். கனைத்துக் கனைத்துப் பேசுவது குரல் நாணைக் கூடுதலாகப் புண்ணாக்கும், அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பது நல்லது. போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினால் குரலை உயர்த்தித்தான் ஆக வேண்டும். எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள், விடுமுறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

விருப்பப் படிவத்தை அவசரமாக நிரப்புவது

அடுத்த செமஸ்டரில் எந்தப் பாடம் வேண்டும் என்ற படிவம் இந்தக் களேபரத்தின் நடுவில்தான் சுற்றுக்கு வரும். அவசரத்தில் இரண்டு புதுப் பாடத்துக்கு ஒப்புக்கொண்டால் அடுத்த நான்கு மாதமும் இதே கதைதான். ஏற்கெனவே நடத்திய பாடம் ஒன்று, புதியது ஒன்று என்று கேளுங்கள். இரண்டு வெவ்வேறு பாடத்தைவிட ஒரே பாடத்தை இரண்டு செக்‌ஷனுக்கு நடத்துவது தயாரிப்பைப் பாதியாக்கும், வினாத்தாளும் ஒன்றே போதும். புதுப் பாடம்தான் கிடைக்கும் என்றால், அதை இப்போது நடத்துகிறவரிடம் கோர்ஸ் ஃபைலையும் வினா வங்கியையும் செமஸ்டர் முடிவதற்குள் பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். விடுமுறையில் அவர் ஊருக்குப் போன பிறகு அது கிடைக்காது.