300-க்குக் காசு கொடுத்து 200 வாங்காதீர்கள்: மலிவு டெலி ஜூம் தேர்வு செய்வது எப்படி

கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் கிளை நுனியில் உட்கார்ந்திருக்கும் குருவியை எடுத்துவிட்டு, அப்புறம் கணினியில் பெரிதாக்கி "குருவி எங்கே?" என்று தேடாதவர்கள் ரொம்பக் குறைவு. அடுத்த நாளே டெலி ஜூம், அதாவது தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் ஜூம் லென்ஸ், தேட ஆரம்பித்துவிடுவோம். 55-200, 55-250, 70-300, 75-300 என்று மி.மீ. எண்கள் வரிசையாக வந்து நிற்கும், எண் பெரிதானால் காட்சி பெரிதாகத் தெரியும். இருக்கிற பணத்துக்கு எது பெரிய எண்ணோ அதைத் தூக்கிக்கொண்டு வரத் தோன்றும்.

நானும் அப்படித்தான் செய்தேன். முதல் டெலி ஒரு 70-300, செகண்ட் ஹேண்ட், கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். 200 வரைக்கும் ஒழுங்காக இருக்கும், அதற்கு மேல் திருப்பினால் படத்தின் மேல் லேசாகப் பால் தெளித்த மாதிரி ஆகிவிடும். ஆறு மாதம் என் கைதான் ஆடுகிறது என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் ட்ரைபாடில் வைத்து, டைமர் போட்டு, எதிர்ச் சுவரில் ஒட்டிய செய்தித்தாளை எடுத்தபோதுதான் புரிந்தது: கையின் ஆட்டம் பாதி, லென்ஸ் பாதி. 300-க்கு என்று காசு கொடுத்து 200 மி.மீ. லென்ஸ் வாங்கியிருக்கிறேன்.

அதனால் வாங்குவதற்கு முன் முதலில் ஒரு சின்னக் கணக்கு. எதை, எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப் போகிறீர்கள்? தூரத்தை சென்சாரின் அகலத்தால் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் அந்தத் தூரத்தில் எத்தனை அகலம் படத்துக்குள் வரும் என்று கிடைத்துவிடும். ஏபிஎஸ்-சி, அதாவது மலிவு கேமராக்களில் வழக்கமாக இருக்கும் சிறிய வகை சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. (கேனானில் கொஞ்சம் குறைவு, 22.3). 20 மீட்டர் தூரம், 300 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 1.57 மீட்டர் அகலம் உள்ளே வரும். 15 செ.மீ. நீளமுள்ள குருவி அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆமாம், 300 வாங்கியும் பத்தில் ஒரு பங்கு. அதே குருவியை 10 மீட்டருக்கு நெருங்கி எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். பத்தடி மெதுவாக முன்னால் நகர்வது பல நேரம் 50 மி.மீ. கூடுதலாக வாங்குவதைவிட அதிகப் பலன் தரும், குருவி ஒத்துழைத்தால்.

250-க்கும் 300-க்கும் நடுவே இருப்பது 1.2 மடங்கு வித்தியாசம், அவ்வளவே. கூர்மையான 250-ல் எடுத்துக் கொஞ்சம் வெட்டினால் மந்தமான 300-ஐ மிஞ்சிவிடும். மைதான விளையாட்டு, மேடை, மிருகக்காட்சி சாலை, குழந்தைகள் ஓடியாடுவது இதற்கெல்லாம் 200, 250 தாராளம். பறவைதான் முழு நேர ஆசை என்றால் 300 தொடக்கம் மட்டுமே, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெட்டியில் எழுதியிருக்கும் எஃப்/4-5.6, எஃப்/4.5-6.3 என்ற எண்கள். வெளிச்சம் நுழையும் துளையின் அளவு இது, எண் சிறிதானால் துளை பெரிது. முதல் எண் ஜூமின் அகலமான முனையில் கிடைக்கும் அதிகபட்சத் துளை, இரண்டாவது நீண்ட முனையில். டெலி வாங்குகிறவர் பெரும்பாலான படங்களை நீண்ட முனையில்தான் எடுப்பார், ஆகவே இரண்டாவது எண்ணைப் பாருங்கள். எஃப்/2.8 டெலி ஏன் அந்த விலை என்று கேட்டால் விடை எளிது: 300-ஐ 2.8-ஆல் வகுத்தால் 107. முன் கண்ணாடியே குறைந்தது 107 மி.மீ. விட்டம் இருந்தாக வேண்டும். 5.6-ஆல் வகுத்தால் 54 மி.மீ.தான். நாம் மிச்சப்படுத்துகிற பணம் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது. பதிலுக்கு, எஃப்/2.8-ல் வரும் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்கே எஃப்/5.6-ல் வரும். வெயில் நேரத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. உள்ளரங்கில், இரவு விளையாட்டில், மங்கிய மேடையில் பல்லைக் கடிக்க வைக்கும். அப்படிப்பட்ட இடங்கள்தான் உங்கள் தேவை என்றால் மலிவு ஜூமை மறந்துவிட்டு 85 மி.மீ. எஃப்/1.8 மாதிரி ஜூம் இல்லாத லென்ஸைப் பாருங்கள். எஃப்/5.6-ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும், முன் வரிசைக்கு நடந்து போகும் வேலை மட்டும் உங்களுடையது.

இப்போது நான் கோட்டைவிட்ட விஷயம், ஸ்டெபிலைசேஷன். கை நடுக்கத்தை ஈடுகட்டும் இந்த வசதிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர், சோனியில் ஓஎஸ்எஸ், ஃபூஜியிலும் பானாசோனிக்கிலும் ஓஐஎஸ், டாம்ரானில் விசி, சிக்மாவில் ஓஎஸ். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் மி.மீ. எண்ணுக்குக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. 300 மி.மீ. என்றால் ஏபிஎஸ்-சி சென்சார் சிறியது என்பதற்காக 1.5 மடங்கையும் சேர்த்து 1/450, அதாவது 1/500 விநாடி வைக்க வேண்டும். எஃப்/5.6-ல், மாலை ஐந்தரை மணி வெளிச்சத்தில், 1/500 வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு எண், ஏற்ற ஏற்றப் படம் புள்ளி புள்ளியாகும்) எங்கேயோ போய்விடும். மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் 1/60 வரை இறங்கலாம். ஆனால் அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், எதிரே ஓடுகிறவரை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு 1/1000-க்கு மேல் வேண்டும், அங்கே எந்த ஐஎஸ்ஸும் உதவாது. இருந்தாலும் வ்யூஃபைண்டரில் காட்சி ஆடாமல் நிற்பதே பெரிய உதவி. குறிவைக்கவாவது முடியும்.

சில கேமராக்களில் இந்த வசதி பாடியிலேயே, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவிலேயே இருக்கும். ஒலிம்பஸ் மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத கேமரா), பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆர் (ஆடி உள்ளது) வைத்திருப்பவர்கள் லென்ஸில் அது இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஒலிம்பஸ் 40-150 வெறும் 190 கிராம், லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இல்லை, ஒலிம்பஸ் பாடியில் போட்டால் பிரச்சினையும் இல்லை. அதையே பாடியில் அந்த வசதி இல்லாத பழைய பானாசோனிக்கில் போட்டால் கதை வேறு, அதற்கு பானாசோனிக்கின் 45-150 மேல். சோனியிலும் இதே சிக்கல்: டாம்ரான் 70-300 ஆர்எக்ஸ்டி நல்ல கண்ணாடி, முழு ஃபிரேமுக்கும் (ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய சென்சார்) பொருந்தும், ஆனால் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. ஏ6000, ஏ6400 பாடிகளிலும் கிடையாது. இரண்டிலும் இல்லாத ஜோடியை வாங்கிவிட்டு என்னைப் போல மூச்சைப் பிடிக்காதீர்கள்.

சரி, எந்த லென்ஸ்? கேனான் ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால் அதிகம் யோசிக்காமல் இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் (எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகைப் பெயர்). 2013-ல் வந்தது, 375 கிராம், இந்த வகையில் இதைவிடக் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும் லென்ஸ் எனக்குத் தெரிந்து இல்லை. இதே 55-250-க்கு இதற்கு முன் வந்த இரண்டு பதிப்புகளும் செகண்ட் ஹேண்டில் சுற்றுகின்றன, எஸ்டிஎம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதுதான் கூர்மையிலும் ஃபோகஸ் வேகத்திலும் மேல். அதே கடை அலமாரியில் 75-300 என்று ஒன்று இன்னும் மலிவாக, இன்னும் பெரிய எண்ணோடு சிரிக்கும். ஐஎஸ் இல்லாதது, நீண்ட முனையில் மந்தமானது. கேமராவோடு இலவசமாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம். முழு ஃபிரேம் கேனான் டிஎஸ்எல்ஆரில் இஎஃப்-எஸ் லென்ஸ் மாட்டவே மாட்டாது, அங்கே 70-300 ஐஎஸ் வகைகளைப் பார்க்க வேண்டும். கேனான் மிரர்லெஸ் வாங்கியவர்கள் அடாப்டர் போட்டுப் பழைய 55-250-ஐயே ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். புதிய ஆர்எஃப்-எஸ் 55-210 கச்சிதமானதுதான், ஆனால் நீண்ட முனையில் எஃப்/7.1 என்பது கொஞ்சம் இருட்டு.

நிக்கானில் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எஃப்/4.5-6.3 விஆர் அருமையான, லேசான லென்ஸ். ஆனால் அச்சு அசலாக அதே மாதிரி, விஆர் இல்லாத இன்னொன்றும் உண்டு, பெயரில் அந்த இரண்டெழுத்து மட்டும்தான் வித்தியாசம். அவசரத்தில் வாங்கினால் ஏமாற்றம்தான். இரண்டாவது, ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி7000 மாதிரியான பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது, அவற்றுக்கு ஏஎஃப்-எஸ் 55-200 விஆர் அல்லது 55-300 விஆர். மூன்றாவதாக ஒரு பொறியும் இருக்கிறது: ரொம்ப மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப் 70-300-ல் மோட்டார் இல்லை, பாடியின் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் கிடையாது, கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். மிரர்லெஸ் நிக்கான் என்றால் இஸட் டிஎக்ஸ் 50-250 விஆர், 405 கிராம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சோனி ஏபிஎஸ்-சிக்கு 55-210 ஓஎஸ்எஸ், ஃபூஜிக்கு எக்ஸ்சி 50-230 ஓஐஎஸ். இரண்டுமே பகல் வெளிச்சத்து லென்ஸ்கள், அந்த எல்லைக்குள் நன்றாக உழைக்கும்.

மேலே சொன்ன எல்லாமே செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கும். நிறையப் பேர் வாங்கி, பத்துப் படம் எடுத்து, அலமாரியில் வைத்துவிட்ட லென்ஸ்கள் இவை. புதிய மட்டமான லென்ஸைவிட நன்றாகப் பார்த்து வாங்கிய பழைய நல்ல லென்ஸ் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

உங்கள் கேமராவையும் ஒரு சின்ன டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போங்கள். லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச்சை அடித்து முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நான்கைந்து தூசி தெரிந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் வராது. ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கிளைவிட்டுப் போகும் மெல்லிய நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு இறங்கினாலும் வைத்துவிட்டு வாருங்கள். கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி இருந்தாலும் அப்படித்தான். ஜூமை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகச் சுற்றுங்கள், நடுவில் மணல் உரசும் உணர்வு வரக் கூடாது. லென்ஸை முகம் கீழாகப் பிடித்தால் ஜூம் தானாக இறங்குகிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் இறங்கினால் விலையைக் குறைக்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

பிறகு கேமராவில் மாட்டி, நீண்ட முனைக்குப் போய், ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடியுங்கள். ஸ்டெபிலைசேஷன் வேலை செய்தால் லேசான ஒரு முனகலோடு வ்யூஃபைண்டரில் காட்சி சட்டென்று அடங்கி நிற்கும். குதித்தால் அல்லது ஒரு பக்கமாக நழுவினால் வேண்டாம். அருகிலிருக்கும் ஒன்று, தூரத்திலிருக்கும் ஒன்று என்று மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்து பாருங்கள். கடைசியாக, எழுத்து நிறைந்த ஒரு சுவரை நேராக நின்று, முழுத் துளையில் ஒன்று, எஃப்/8-ல் ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எஃப்/8-ல் தெளிவது இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மோசமாக இருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இடம் மாறியிருக்கிறது, கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம்.

வாங்கியதும் முன்னால் மலிவு யுவி ஃபில்டர் ஒன்றை மாட்டிவிடாதீர்கள். டெலியில் அது கூர்மையைத் தின்னும். கண்ணாடியைக் காப்பாற்ற ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வளையம்) போதும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி மி.மீ. எண்ணைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டரும் வேண்டாம், எஃப்/5.6 லென்ஸில் 2 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் எஃப்/11 ஆகிவிடும், பல லென்ஸ்களில் மாட்டவே மாட்டாது. நண்பகலில் தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பதை எடுத்துவிட்டு லென்ஸ் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் ஓடாதீர்கள். சூட்டில் காற்று அலைவது எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸிலும் தெரியும்.

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு இரவு நிலாவை எடுத்துப் பாருங்கள். பௌர்ணமி வேண்டாம், அன்று பள்ளங்களில் நிழலே இருக்காது. பாதி நிலா நாட்களில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் விளிம்பு கத்தி மாதிரித் தெரியும். ட்ரைபாட், 300 மி.மீ., எஃப்/8, ஐஎஸ்ஓ 200, 1/125-ல் ஆரம்பித்து முன்பின் மாற்றுங்கள். சென்சாரில் நிலா 2.7 மி.மீ. அகலத்துக்குத்தான் விழும், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் சுமார் 700 பிக்சல். விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு, டைமர் போட்டு இன்னொரு முறை எடுங்கள், ட்ரைபாடில் சில பழைய லென்ஸ்கள் அதனாலேயே குழம்பும். அப்புறம் லைவ் வ்யூவில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்தும் ஒன்று எடுத்துப் பாருங்கள். அதிலும் பள்ளங்கள் குழைந்தே இருந்தால் ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.