வரலாறு படிக்கும் இளங்கலை மாணவருக்கு இன்டர்ன்ஷிப்: கேட்பது முதல் முடித்துக் கொடுப்பது வரை

வரலாறு படிப்பவர்களுக்கு இன்டர்ன்ஷிப் கிடைப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. வேலை ஏராளமாக இருக்கிறது. அது விளம்பரமாக வருவதில்லை, அவ்வளவுதான். ஆவணக் காப்பகங்களிலும் சிறு அருங்காட்சியகங்களிலும் பட்டியலிடப்படாத பெட்டிகள் அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன. பார்க்க ஆள் இல்லை. ஆள் தேவை என்று அறிவிப்பு எழுதவும் ஆள் இல்லை. ஆகவே இந்தத் துறையில் காத்திருந்து பயனில்லை, நாமே போய்க் கேட்க வேண்டும்.

எங்கே கேட்பது? காப்பகமும் அருங்காட்சியகமும் எல்லோருக்கும் தோன்றும். நூலகங்களின் அரிய நூல் பிரிவு, பழைய பத்திரிகைகளின் கோப்பறை, நூற்றாண்டு கண்ட நிறுவனங்களும் சமய அமைப்புகளும் வைத்திருக்கும் சொந்த ஆவண அறை, ஆவணப்பட நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு, பதிப்பகங்களில் தகவல் சரிபார்க்கும் மேசை, வாய்மொழி வரலாற்றுத் திட்டங்கள் ஆகியவை அவ்வளவு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அங்கே போட்டியும் குறைவு.

இடத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரிய அருங்காட்சியகத்தின் வரவேற்பு மேசையில் இரண்டு மாதம் துண்டுப் பிரசுரம் கொடுத்தவரைவிட, யாரும் கேள்விப்படாத ஒரு சங்கத்தின் ஒரே ஒரு பெட்டியை முழுமையாகப் பட்டியலிட்டவர் கையில்தான் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். "முடியும்போது என் கையில் என்ன இருக்கும்?" இதற்குப் பதில் கிடைக்காத இடம் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் இரண்டாம்பட்சம்தான்.

காலக் கணக்கு

விண்ணப்பப் படிவமும் கடைசித் தேதியும் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஆறு மாதம் முன்னதாகவே தயாராகுங்கள். சிறிய இடங்களுக்கு இரண்டு, மூன்று மாதம் போதும். நான்கு வாரத்துக்குக் குறைந்த பயிற்சியை ஏற்காமல் இருப்பது நல்லது. முதல் வாரம் விதிகளைக் கற்பதிலும் கடைசி வாரம் சரிபார்ப்பதிலும் போய்விடும். நடுவில் எதுவும் மிஞ்சாது.

படிப்போடு சேர்த்துச் செய்வதானால் வாரம் 10 மணி நேரம், 12 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 120 மணி. அதில் பயிற்சிக்கு 20, சரிபார்ப்புக்கு 15 கழித்தால் 85 மணி மிஞ்சும். தெளிவான கையெழுத்தில் உள்ள ஒரு பக்கக் கடிதத்தைப் படித்துப் பட்டியலுக்கான பதிவு எழுதக் கால் மணி நேரம் ஆகும் என்றால், 340 கடிதம். கையெழுத்து கடினமானால் இதில் பாதி. இந்தக் கணக்கை முதல் நாளே மேற்பார்வையாளர் முன் வையுங்கள். "இந்தத் தொகுப்பு முழுவதும்" என்று ஆரம்பித்து எதையும் முடிக்காமல் கிளம்பும் நிலை பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததால்தான் வருகிறது.

கேட்டு எழுதும் மின்னஞ்சல்

பொது முகவரிக்கு அனுப்பாமல், தொகுப்புக்குப் பொறுப்பானவருக்கு அனுப்புங்கள். 150 சொல்லுக்குள் முடியட்டும். "எனக்கு வரலாற்றின்மீது சிறுவயது முதலே தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதம் அவருக்கு நிறைய வந்திருக்கும். அவர் அறிய விரும்புவது மூன்று: நீங்கள் எதைப் படிக்கத் தெரிந்தவர், எப்போது வரமுடியும், அவர் நேரத்தை எவ்வளவு எடுப்பீர்கள்.

"மதிப்புக்குரிய அம்மா,
நான் இளங்கலை வரலாறு இரண்டாமாண்டு படிக்கிறேன். உங்கள் காப்பகத்தின் இணையப் பட்டியலில் நெசவாளர் சங்கத் தொகுப்பின் 1 முதல் 6 வரையான பெட்டிகளுக்கு விவரம் இருக்கிறது. 7 முதல் 11 வரை 'பட்டியலிடப்படவில்லை' என்று உள்ளது. அவற்றில் ஒன்றைக் கோப்பு வாரியாகப் பட்டியலிட விரும்புகிறேன். ஜூன் முதல் எட்டு வாரம், வாரத்தில் மூன்று நாள் வரமுடியும். பழைய கையெழுத்தைப் படிக்கும் பழக்கம் உண்டு; நான் பெயர்த்தெழுதிய ஐந்து பக்கங்களை இணைத்துள்ளேன். இந்தப் பெட்டி பொருந்தாது என்றால் உங்களுக்கு அவசரமாக உள்ள வேறு வேலையையும் செய்யத் தயார்."

இதில் உயிரான இடம் பெட்டி எண். பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இடம்.

இணைப்பதற்குப் பெயர்த்தெழுதிய பக்கங்கள், அதாவது கையெழுத்தைப் படித்து அப்படியே தட்டச்சு செய்தவை, இல்லையா? அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் 2013 முதலும், அந்நாட்டின் தேசிய நூலகம் போன்ற லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2018 முதலும் கையெழுத்து ஆவணங்களை இணையத்தில் வைத்து, பெயர்த்தெழுதத் தன்னார்வலர்களை அழைக்கின்றன. எந்த ஊரில் இருந்தாலும் சேரலாம். ஒரு வார இறுதியில் ஐந்து பக்கம் செய்துவிடலாம். மூலத்தில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். ஐயமான சொல்லைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு எழுதுங்கள். ஊகத்தை ஊகமென்று காட்டத் தெரிந்தவரா என்றுதான் காப்பாளர் அந்தப் பக்கங்களில் முதலில் பார்ப்பார்.

ஒப்புக்கொள்ளும் முன்

நேரிலோ தொலைபேசியிலோ பேசும்போது நீங்களும் கேளுங்கள். தினமும் என் வேலையைப் பார்ப்பவர் யார்? முடிவில் என்ன முடிந்திருக்க வேண்டும்? வெளியாகும் பட்டியலில் என் பெயர் வருமா? உதவித்தொகை உண்டா, இல்லாவிட்டால் போக்குவரத்துச் செலவாவது கிடைக்குமா? கல்லூரி மதிப்பெண்ணில் சேருமென்றால், தேவையான மணி நேரமும் யார் கையொப்பம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இன்டர்ன்ஷிப் தருகிறோம் என்று உங்களிடமே பணம் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள். அவர்கள் விற்பது சான்றிதழை.

பெட்டியைத் திறந்தபின்

பேனா, தண்ணீர்ப் புட்டி, பை எல்லாம் வெளியே. உள்ளே பென்சில் மட்டும். தாளைத் தொட வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டும் என்பது திரைப்படங்கள் பரப்பிய பழக்கம். உறை போட்ட விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழியும். கழுவி நன்றாக உலர்ந்த கையே போதும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரைல் என்ற மெல்லிய செயற்கை ரப்பர் கையுறை. துருப்பிடித்த கிளிப்பைப் பிடித்து இழுக்காதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பூஞ்சை தெரிந்தால் பெட்டியை மூடி உடனே சொல்லுங்கள். தட்டிப் பார்க்க வேண்டாம், ஊதவும் வேண்டாம்.

புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு கெட்டிக்காரத்தனத்தால் வருவது. கலைந்த கடிதங்களைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். தேதி வாரியாக அடுக்கிவிடுவார்கள். கடிதக் கட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே ஒருவர் எழுதிய கடிதம், அதன் கீழே இரண்டு ஆண்டு முந்தைய ரசீது, அதற்கும் கீழே அனுப்பப்படாத பதிலின் நகல். கடிதத்தைப் பெற்றவர் அந்தப் பழைய ரசீதை வைத்துத்தான் பதிலை எழுதத் தொடங்கியிருக்கிறார் என்பதை அந்த அடுக்கு சொல்கிறது. தேதிப்படி பிரித்த நிமிடத்தில் அந்தச் செய்தி போய்விடும், திரும்ப வராது. ஒரே இடத்தில் தோன்றிய ஆவணங்களைச் சேர்த்தே வைக்க வேண்டும் என்ற கொள்கையைப் பிரான்ஸ் 1841ல் அரசுச் சுற்றறிக்கையாகவே அனுப்பியது. ஆவணங்களைத் தோற்றுவித்தவர் வைத்த ஒழுங்கைக் குலைக்கக்கூடாது என்பதை 1898ல் மூன்று டச்சுக் காப்பாளர்கள் எழுதிய கையேடு நிலைநிறுத்தியது. ஆகவே எதையும் நகர்த்தும் முன் உள்ளது உள்ளபடி தாள்களுக்கு வரிசையெண் குறித்துக்கொள்ளுங்கள். பென்சிலால் தாளிலேயே எண் இடலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேளுங்கள்.

பதிவு எழுதுவது

காப்பகங்களுக்கான ஐசாட்-ஜி என்ற சர்வதேச விவரிப்புத் தரத்தில் 26 கூறுகள் உள்ளன. அவற்றில் தவிர்க்கவே முடியாதவை ஆறு. ஒரு கோப்புக்கு அவை இப்படி அமையும்:

குறியீடு: 014/03/07
தலைப்பு: நூலகக் கட்டடம் கட்டுவது குறித்த கடிதப் போக்குவரத்து
காலம்: 1931 மார்ச் – 1934 ஜூலை
மட்டம் (முழுத் தொகுப்பா, கோப்பா, தனி ஆவணமா): கோப்பு
அளவு: 42 தாள்கள், 2 வரைபடங்கள்
தோற்றுவித்தவர்: சங்கச் செயலாளர் அலுவலகம்

எளிதாகத் தெரியும். சறுக்குவது தலைப்பில். 'பல்வகைக் கடிதங்கள்' என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். 'மிக முக்கியமான கடிதங்கள்' அதைவிட மோசம். முக்கியமா இல்லையா என்பதை ஆய்வாளர் முடிவு செய்துகொள்வார். யார், எதைப் பற்றி, எந்த வகை ஆவணம் என்ற மூன்றும் தலைப்பில் இருந்தால் போதும்.

தேதியில் இன்னொரு வலை. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25ல் பிறந்தது. அங்கே '1710 பிப்ரவரி' என்று தேதியிட்ட கடிதம் நம் கணக்கில் பெரும்பாலும் 1711. ரஷ்யா 1918 வரை, நம் நாட்காட்டியைவிடச் சில நாள் பின்தங்கிய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. மூலத்தில் உள்ள தேதியை அப்படியே எழுதி, மாற்றிய தேதியைச் சதுர அடைப்புக்குள் கொடுங்கள்.

எக்செல் வரலாற்றாளரின் நண்பன் அல்ல. 1900க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது. '3-7' என்று கோப்பு எண்ணைத் தட்டினால் அதைத் தேதியாக மாற்றிவிடும், '007'ஐ 7 ஆக்கிவிடும். தட்டச்சு தொடங்கும் முன்பே எல்லா நெடுவரிசைகளையும் 'டெக்ஸ்ட்' வடிவுக்கு மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்றினால் போன பூஜ்யங்கள் வராது.

ஸ்கேன், ஒலிப்பதிவு

ஏ4 தாளை 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 புள்ளிகள். சுருக்காத டிஃப் படக்கோப்பாக 26 எம்பி. ஆயிரம் பக்கம் 26 ஜிபி. 400 பிபிஐ என்றால் பக்கத்துக்கு 46 எம்பி. வட்டில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம். 014_03_07_0001 என்று முன்பூஜ்யத்தோடு எழுதுங்கள், இல்லையேல் பல மென்பொருள்களில் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். ஒவ்வொரு நாள் முடிவிலும் தாள் எண்ணிக்கையும் படக்கோப்பு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று எண்ணுங்கள். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாளை ஒன்றாகப் புரட்டியிருந்தால் அப்போதுதான் தெரியும்.

வாய்மொழி வரலாற்றில் ஏமாற்றுவது நேரம். பேட்டி எடுப்பது சிறிய வேலை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரப் பேட்டிகள் பத்து என்றால் எழுத்தாக்கத்துக்கே 90 மணி. பயிற்சி, தயாரிப்பு, சரிபார்ப்பு எல்லாம் இதற்கு மேல். ஆகவே 120 மணி நேரப் பயிற்சியில் நான்கு பேட்டிக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புதல் படிவத்தில் பேட்டிக்கு முன்பே கையொப்பம் வாங்குங்கள். ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவில் இருக்கட்டும். மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், மணிக்கு 518 எம்பி ஆகும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். காதுக்குப் பழகிப்போன அந்த ஓசை ஒலிவாங்கிக்குப் பழகுவதில்லை.

கையெழுத்தைத் தானாகப் படிக்கும் டிரான்ஸ்கிரைபஸ் போன்ற கருவிகள் உதவும். ஆனால் அனுமதி இல்லாமல் ஒரு பக்கத்தையும் பதிவேற்றாதீர்கள். ஆவணத்தில் உயிரோடு இருப்பவர்களின் விவரம் இருக்கலாம், பதிப்புரிமை வேறொருவரிடம் இருக்கலாம். சுவையான கடிதம் கிடைத்தால் அதைச் சமூக ஊடகத்தில் போடும் ஆசைக்கும் இதே பதில்தான்.

தடம் மாறினால்

மூன்றாவது வாரத்திலும் நகலெடுப்பதும் நாற்காலி அடுக்குவதுமாக இருந்தால் பேசிவிடுங்கள். குறையாகச் சொல்ல வேண்டாம். "காலையில் அலுவலக வேலை, மதியம் பெட்டி 7 என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று வழியையும் சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். நடுவில் வேலை பெருத்துக்கொண்டே போனால் மணிக்கணக்கைக் காட்டி, எதை விடலாம் என்று கேளுங்கள். இதற்காகவே தினமும் நாலு வரிக் குறிப்பு எழுதி வையுங்கள்: எந்தக் கோப்பு, எத்தனை தாள், என்ன முடிவு எடுத்தோம், என்ன ஐயம்.

அந்தக் குறிப்பிலிருந்தே கடைசி வாரத்தில் ஒரு பக்க ஒப்படைப்புக் குறிப்பு தயாராகும். எந்தக் கோப்பின் எந்தத் தாளில் நிறுத்தினீர்கள், எந்தப் பெயர்களை எப்படி எழுத முடிவு செய்தீர்கள், உறுதியாகாதவை எவை என்று அதில் இருக்க வேண்டும். அச்செடுத்து ஒரு படியைப் பெட்டியோடு சேர்த்து வைக்கலாமா என்று கேளுங்கள்.

சான்றிதழில் மணி நேரத்தோடு முடித்த வேலையின் பெயரும் வரட்டும். பயோடேட்டாவில் 'காப்பகத்தில் பயிற்சி பெற்றேன்' என்ற வரி யாரையும் நிறுத்தாது; '1931–34 கடிதத் தொகுப்பின் 28 கோப்புகளை ஐசாட்-ஜி தரத்தில் விவரித்தேன்; பட்டியல் வெளியாகியுள்ளது' என்ற வரி நிறுத்தும். பரிந்துரைக் கடிதத்தைக் கிளம்பும் வாரத்திலேயே கேளுங்கள், தேவை ஒரு வருடம் கழித்துத்தான் என்றாலும். கேட்கும்போது உங்கள் ஒப்படைப்புக் குறிப்பையும் நீங்களே நன்றாக வந்ததாக நினைக்கும் இரண்டு பதிவுகளையும் இணைத்து அனுப்புங்கள். எழுதுபவருக்குத் தேட வேண்டிய வேலை இருக்காது.