காசிமேட்டில் ஃபைபர் படகு இறக்கும் முன்: பதிவு, உரிமம், டீசல் பாஸ்

படகு வாங்கப் பணம் புரட்டியதும் எல்லோரும் முதலில் இன்ஜின் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். அதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். உரிமம் இழுத்தடிக்கிறது என்று புலம்புகிற பலருடைய கோப்பை வாங்கிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: காகிதத்தில் இருப்பதும் படகில் இருப்பதும் ஒத்துப்போகாது. பெயர், நீளம், இன்ஜின் எண் மூன்றும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருந்தால் பாதி அலைச்சல் குறைந்துவிடும்.

காசிமேடு, நாகூரார் தோட்டம், திருவொற்றியூர் குப்பம், எண்ணூர் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என எந்தக் குப்பமானாலும், உங்கள் கரை எந்த உதவி இயக்குநர் அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதை மீனவர் கூட்டுறவு சங்கத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாநகராட்சி எல்லையை வைத்து ஊகித்துப் போனால் திரும்பி வர நேரிடும்.

இரண்டு தாள், இரண்டு வேலை

பதிவுச் சான்று வேறு, மீன்பிடி உரிமம் வேறு. ஆட்டோவுக்கு ஆர்சி தனி, பெர்மிட் தனி என்பது போலத்தான். படகு யாருடையது, என்ன அளவு, என்ன இன்ஜின் என்பதைப் பதிவுச் சான்று சொல்லும். அந்தப் படகைக் கொண்டு தமிழகக் கடலில் மீன் பிடிக்கலாம் என்பதற்கு 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் தனியாக உரிமம் வேண்டும். ஆர்சி கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று கடலுக்குப் போகிறவர்கள் சோதனையில் சிக்குவது இந்த இடத்தில்தான்.

படகின் வகையும் முதலிலேயே முடிவாக வேண்டும். வெளியில் இன்ஜின் மாட்டிய ஃபைபர் படகும் வல்லமும் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக் கணக்கில் வரும். பதிவெண்ணில் ‘எம்ஓ’ இருக்கும். உள்ளே நிரந்தர இன்ஜின் வைத்த இழுவைப்படகு, செவுள்வலைப் படகு போன்றவை விசைப்படகு, அவற்றுக்கு ‘எம்எம்’. மீன்பிடித் தடைக்காலம், டீசல் அளவு, வலை போடும் தூரம் எல்லாம் இந்த இரண்டு எழுத்தைப் பொறுத்தே மாறும்.

கட்டும் முன்னும் கட்டும்போதும்

புதுப் படகு என்றால் துறையின் முன் அனுமதி வாங்கிய பிறகே படகு கட்டும் யார்டில் அட்வான்ஸ் கொடுங்கள். யார்டும் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச்சீட்டில் பில் கொடுக்கிற இடத்தில் ஐந்தாயிரம், பத்தாயிரம் குறைகிறதே என்று இறங்காதீர்கள். அந்த பில்தான் உங்கள் உரிமைக்கு முதல் சான்று.

நீளத்தில்தான் தவறு அதிகம். டேப்பைப் படகின் விளிம்பு வளைவோடு ஓட்டினால் அளவு கூடுதலாகவே வரும். முன்மூக்கு நுனியிலிருந்து பின்பலகை வரை நேர்கோட்டில், நூல் கட்டி அளக்க வேண்டும். யார்டில் அடிக்கணக்கு சொல்வார்கள், விண்ணப்பத்தில் மீட்டர் கேட்கும். ஒரு அடி 0.3048 மீட்டர், 28 அடி என்றால் 8.53 மீட்டர், 30 அடி என்றால் 9.14. ‘ஒன்பது மீட்டர் போல’ என்று தோராயமாகப் போட்டுவிட்டால், நேரில் வரும் ஆய்வாளர் டேப் பிடித்ததும் கோப்பு திரும்பிவிடும். அகலத்தையும் ஆழத்தையும் அப்போதே அளந்து எழுதி வையுங்கள்.

இன்ஜின் வந்த அன்றே எண் தகட்டைப் படம் எடுங்கள். வெளி இன்ஜினில் பின்பலகையைக் கவ்வும் பிராக்கெட்டில் அந்தச் சின்னத் தகடு இருக்கும். உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டு வெள்ளைப் பூஞ்சை போல ஏறி, சில வருடங்களில் எட்டு எது, மூன்று எது என்று தெரியாமல் போகும். மெல்லிய கிரீஸ் தடவி வைத்தால் எழுத்து நிற்கும். மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பதிவும் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். தகடே விழுந்துவிட்டாலும் பேச ஒரு ஆதாரம் இருக்கும்.

விண்ணப்பம்

பதிவு, உரிமம் இரண்டும் மத்திய அரசின் ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாகத்தான். ஆதார், மீனவர் பயோமெட்ரிக் அட்டை, சங்க உறுப்பினர் சான்று, யார்டு பில், இன்ஜின் பில், படகின் பக்கவாட்டுப் படங்கள், வங்கிக் கடன் இருந்தால் அதன் கடிதம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பெயரில் கவனம் தேவை. ஆதாரில் இனிஷியல் பின்னால், இன்ஜின் பில்லில் முன்னால், யார்டு பில்லில் கூப்பிடு பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று ஆட்களாகத்தான் தெரியும். பில் போடும்போதே ஆதாரை நீட்டி, பார்த்து எழுதச் சொல்லுங்கள். கூட்டாக வாங்கினால் எல்லாப் பங்குதாரர் பெயரும் ஏற வேண்டும். ‘அண்ணன் பேரில் இருக்கட்டும்’ என்று விட்ட படகுகள் பின்னால் குடும்பச் சண்டையில் கரையேறி நிற்பது எல்லாக் குப்பத்திலும் உண்டு.

ஆய்வாளர் வரும் நாளில் இன்ஜின் படகில் மாட்டியிருக்க வேண்டும். ரிப்பேருக்கு ராயபுரம் போயிருக்கிறது என்றால் ஆய்வு முடியாது. ஆளுக்கு ஒன்றாக லைஃப் ஜாக்கெட்டும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

எண் எழுதுவது

பதிவெண் வந்ததும் முன்பக்கம் இரு புறமும், கரையில் நின்று படிக்கும் அளவுக்கு எழுத வேண்டும். புது ஃபைபரில் அச்சிலிருந்து வந்த மெழுகு ஒட்டியிருக்கும். அதன் மேல் அப்படியே பெயின்ட் அடித்தால் சீக்கிரமே தோலாக உரியும். தின்னர் போட்டு நன்றாகத் துடைத்து, 220 நம்பர் உப்புத்தாளால் மங்கலாகும் வரை தேய்த்து, மறுபடி துடைத்து, காய்ந்த பின் இரண்டு கை எனாமல். வலை இழுக்கும் பக்கத்தில் கயிறு உரசாத உயரத்தில் எழுதுங்கள். மங்கிய எண்ணும் இல்லாத எண்ணும் சோதனையில் ஒன்றுதான்.

டீசல் பாஸ்

வரி விலக்கு டீசல் ஆண்டுக்கு விசைப்படகுக்கு 19,000 லிட்டர், இயந்திர நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர். சங்க உறுப்பினராக இருந்து, நடப்பு உரிமமும் இருந்தால்தான் அதை வாங்குவதற்கான பாஸ் புத்தகம் கிடைக்கும். துறை ஆண்டுதோறும் படகுகளை நேரில் ஆய்வு செய்கிறது. விசைப்படகு ஆய்வு பெரும்பாலும் தடைக்காலத்தில் நடக்கும். அன்று படகைக் காட்டாவிட்டால் வரி விலக்கு டீசல் நிற்கும். படகு வேறு துறைமுகத்தில் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கையில் உரிமம் இருந்தாலும் செய்யக்கூடாதவை

விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மற்ற நாட்களிலும் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9.26 கிலோமீட்டருக்குள், வலை போடக்கூடாது. அது நாட்டுப்படகுக்காரர்களின் வயிற்றுப்பாடு. இழுவை மடியின் (இழுவை வலையின் கடைசிப் பையின்) கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டை மடிக்கு அனுமதியே கிடையாது. 240 குதிரைத்திறனுக்கு மேல் இன்ஜின் மாற்றினால் உரிமம் போகும்.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனி. கடல் ஆமை, கடல் அட்டை, கடல் குதிரை, கடல் பசு, வேளா (ரம்பம் போன்ற மூக்குள்ள மீன்), திமிங்கலச் சுறா எதையும் பிடிக்கவோ விற்கவோ எந்த அலுவலகமும் உரிமம் தராது. பழவேற்காட்டுப் பறவைகளுக்கும் அப்படியே. நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸ் என்ற ஒன்றே இல்லை. வலையில் ஆமை ஏறினால் கண்ணியை அறுத்து உயிரோடு விடுங்கள். வலை போனால் வாங்கிக்கொள்ளலாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கரைக்கு அது முட்டையிட வருகிற நேரம்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வருகிறவர்கள் ‘ஒரு ரவுண்டு கூட்டிப் போங்க’ என்று பணம் நீட்டுவார்கள். மீன்பிடி உரிமம் பயணிகளை ஏற்ற அல்ல. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தூண்டில் பயணம், படகுச் சவாரி என்று தொழில் செய்ய விரும்பினால் அதற்கான படகு, பயணிகள் அனுமதி, காப்பீடு எல்லாம் தனியாக எடுக்க வேண்டும். மீன்படகில் செய்து விபத்து நடந்தால் படகுக் காப்பீடும் கைவிடும், வழக்கும் உரிமையாளர் மேல்தான்.

இன்ஜின் மாற்றம், கைமாற்றம்

இன்ஜினை மாற்றினால் புது பில்லோடு போய் ஆர்சியில் ஏற்றிவிடுங்கள். பழைய படகு வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள்: ஆர்சியில் கடன் குறிப்பு இருக்கிறதா, உரிமத் தேதி முடிந்துவிட்டதா, துறையில் அபராதமோ வழக்கோ நிலுவையா, இன்ஜின் எண் தகட்டோடு பொருந்துகிறதா. கடலூர், நாகை போன்ற வேறு மாவட்டத்துப் படகு என்றால் அந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் இங்கே பெயர் மாறாது. விற்கிறவரும் பெயர் மாற்றம் முடியும் வரை விடக்கூடாது. ஸ்டாம்பு பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், அந்தப் படகு எல்லை தாண்டிப் பிடிபடும்போது நோட்டீஸ் பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் வரும்.

ஆர்சி, உரிமம், பயோமெட்ரிக் அட்டை, காப்பீடு ஆகியவற்றின் நகலை ஜிப் பையில் போட்டு எப்போதும் படகிலேயே வையுங்கள். அசல் வீட்டில் இருக்கட்டும். பையின் மேல் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093 என்ற இரண்டு எண்களையும் பெரிதாக எழுதிவிடுங்கள்.