கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு சிஎஃப்ஏ: தேதியிலிருந்து தொடங்குங்கள்

எனக்கு வேலை கிண்டியில், ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். வீடு கூடுவாஞ்சேரி. முதலீட்டுத் துறைக்கான சர்வதேசத் தேர்வான சிஎஃப்ஏவில் முதல் நிலையை இரண்டாவது முறைதான் தாண்டினேன். முதல் முறை கோட்டை விட்டதற்குப் பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். மே மாதத் தேர்வுக்குப் பணம் கட்டியதுதான் தப்பு. மார்ச் 31 கணக்கை மூடிவிட்டு, ஏப்ரல் முழுக்க ஆடிட்டர் கேட்கும் வவுச்சரைத் தேடிக்கொண்டிருப்பவன் எப்போது படிப்பான்?

அதனால் புத்தகம் வாங்கும் முன் ஆபீஸ் காலண்டரை விரித்து வையுங்கள். முதல் நிலை பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்துக்கு நான்கு முறை நடக்கிறது. நவம்பரும் நமக்கு ஒத்துவராது. செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட், அது ஓய்ந்ததும் தீபாவளி. நான் பிப்ரவரியைப் பிடித்தேன். பொங்கல் விடுமுறை கடைசி நேரத்தில் கை கொடுக்கும். சீக்கிரம் பதிவு செய்தால் கட்டணம் குறையும், டாலரில் கட்டுவதால் அது சின்னத் தொகை இல்லை. பாஸ்போர்ட் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேர்வுக்கூடத்தில் ஆதாரைக் காட்டி உள்ளே போக முடியாது.

அடுத்தது மணிக்கணக்கு. 300 மணி நேரம் வேண்டும் என்பார்கள். காலை 4.45க்கு எழுந்து, காபி போட்டது போக ஒன்றரை மணி நேரம்; வாரத்தில் ஐந்து நாள் என்றால் ஏழரை. சனி, ஞாயிறு சேர்த்து நாலரை. ஆக வாரம் 12, மொத்தம் 25 வாரம். இதில் ஒரு ஓட்டை உண்டு. மாதம் பிறந்தால் முதல் வாரம் குளோசிங், அதாவது போன மாதக் கணக்கை மூடும் வேலை; அந்த வாரத்துக்குப் பூஜ்யம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அப்படிப் போட்டால் ஏழரை மாதம் ஆகிறது. பிப்ரவரிக்கு ஜூலையில் உட்கார வேண்டும். மாலை ரயிலை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. தாம்பரம் வரை ஒற்றைக் காலில் நிற்பவனுக்கு டெரிவேட்டிவ்ஸ் பாடம் தலையில் ஏறாது. ஆவணியில் நாலு கல்யாணம் வந்தது. மொய் எழுதி, சாப்பிட்டு, பதினொரு மணிக்குள் வீடு திரும்பினேன். சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

கணக்குக்காரர்கள் வழுக்கி விழுகிற இடம், நமக்குத் தெரியும் என்று நினைக்கிற ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் பகுதி. கட்டிய வட்டியைக் கேஷ் ஃப்ளோ எனும் பணவரத்து அறிக்கையில் எங்கே காட்டுவது? நம் நாட்டுக் கணக்கு விதியான இந்த்-ஏஎஸ் 7 படி நிதி நிறுவனம் அல்லாதவர்களுக்கு அது ஃபைனான்சிங், அதாவது நிதி திரட்டும் பகுதி. கை தானாக அங்கேதான் போகும். அமெரிக்கக் கணக்கு விதியான காப் படி அது ஆபரேட்டிங், அன்றாடத் தொழில் பகுதி. சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதிய பிறகு விலை ஏறினால் சர்வதேசக் கணக்கு விதியான ஐஎஃப்ஆர்எஸ்ஸில் திருப்பி ஏற்றலாம், அமெரிக்க முறையில் கூடாது. இந்த வித்தியாசங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எதிக்ஸ் எனும் தொழில் நெறிமுறைப் பாடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், தேர்வில் 15 முதல் 20 சதவீதம் அதற்குத்தான். ஞாயிறுதோறும் இருபது கேள்வி போட்டுப் பழகினால்தான் அந்த நெளிவு பிடிபடும்.

முதல் முறை வீடியோ பார்த்தே மாதங்களை ஓட்டினேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது, கேள்வியைப் பார்த்ததும் கை நின்றது. இரண்டாம் முறை, ஒரு பாடம் படித்த அன்றைக்கே அதன் கேள்விகளைப் போட்டேன். தப்பு விட்டதை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் குறித்தேன்: தெரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, கால்குலேட்டர். இரண்டாவது வகைதான் பக்கம் பக்கமாக நிரம்பியது. ‘லீஸ்ட் லைக்லி’ (எது பொருந்த வாய்ப்பு மிகக் குறைவு) என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாலும் கண் தாண்டிப் போய்விடுகிறது.

கால்குலேட்டர் விஷயம் தனி. டெக்சாஸ் பிஏ 2 பிளஸ், எச்பி 12சி ஆகிய இரண்டு வகைக்குத்தான் அனுமதி. டெக்சாஸ் வாங்கினால், கடையிலிருந்து வந்த நிலையில் அது தட்டிய வரிசையிலேயே கணக்கிடும் ‘செயின்’ முறையில் இருக்கும். 3 + 4 × 5 என்று தட்டினால் 23 வராது, 35 வரும். ஃபார்மட்டுக்குள் போய், பெருக்கலை முதலில் போடும் ‘ஏஓஎஸ்’ என்று மாற்றி, தசமத்தை நான்காக்குங்கள். ஒவ்வொரு பாண்டு (கடன் பத்திர) கணக்குக்கும் முன்னால் செகண்ட், எஃப்வி பொத்தான்களை அழுத்திப் பழையதைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் எத்தனை விடையைத் தொலைத்தேன் என்பது அந்த நோட்டில் இருக்கிறது.

பிராக்டிகல் ஸ்கில்ஸ் மாட்யூல் எனும் செய்முறைப் பயிற்சி ஒன்றையும் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரிசல்ட்டை நிறுத்தி வைப்பார்கள். அதைத் தேர்வுக்குப் பிறகு என்று விடாமல் ஏதாவது சோம்பலான வாரத்தில் முடித்துவிடுங்கள்.

கடைசி ஐந்து வாரம் மாதிரித் தேர்வு மட்டும். மொத்தம் 180 கேள்வி. 90 கேள்விக்கு 135 நிமிடம் என்று இரண்டு பகுதி. கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், மூன்றில் ஒன்றைத் தட்டிவிட்டு நகருங்கள். போகிக்கு ஒன்று, மாட்டுப் பொங்கலுக்கு ஒன்று என்று மொட்டை மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். கீழே மைக் செட் அலறியது. அதற்குப் பிறகு தேர்வுக்கூடத்தில் பக்கத்து ஆள் கீபோர்டைத் தட்டிய சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.