பழைய கல்லூரிக் கால்பந்துப் பருவத்தைத் தொகுக்கும் முறை

சேலம் நகராட்சிக் கல்லூரி போன்றதொரு பழைய கல்லூரியின் அணி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடிய ஒரு பருவத்தைத் தொகுக்க விரும்புவோர், முதலில் சென்னை எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூலகத்தில் அக்கால நாளிதழ்களைத் தேடி, ஆட்ட நாள், எதிரணி, கோல் கணக்கு ஆகியவற்றை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். கல்லூரி மலர்களை மட்டும் நம்புவது சரியன்று. அவை வெற்றிகளை விரிவாகவும் தோல்விகளை ஒற்றை வரியிலும் சொல்லும் இயல்புடையவை.

ஆண்டு தெரியாத குறிப்புகளுக்கு விதிமாற்றங்களே பெருந்துணை. கோல்கீப்பர் தம் பாதி மைதானம் முழுவதும் பந்தைக் கையால் தொட்டு ஆடியிருந்தால் அது 1912க்கு முந்தைய ஆட்டமாகவும், ஆஃப்சைடு விதிக்கு (முன்னேறி நிற்கும் வீரருக்கும் எதிரணிக் கோல் கோட்டுக்கும் இடையே இத்தனை எதிரணியினர் இருக்க வேண்டும் என்ற விதி) மூன்று எதிரணியினர் கணக்கிடப்பட்டிருந்தால் 1925க்கு முந்தையதாகவும் இருக்கக்கூடும். புதிய விதி மாவட்ட மைதானங்களுக்கு வந்துசேரச் சற்றுக் காலம் பிடித்திருக்கலாம் என்பதால், ஓரிரு ஆண்டு தளர்வு விட்டே முடிவு செய்க.