பொடியைக் கொண்டுவராதீர்கள், செடியைக் கொண்டுவாருங்கள்

ஜனவரி பிறந்தால் போதும், எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் பிள்ளைகளும் சித்த மருத்துவ மேற்படிப்பு மாணவர்களும் என்னைத் தேடி வர ஆரம்பித்துவிடுவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பச்சையும் பழுப்புமாக ஒரு பொடி. "மேடம், இது கீழாநெல்லி. ஆதன்டிகேஷன் சர்டிபிகேட் மட்டும் வேணும். எலி ஸ்டடி எல்லாம் முடிஞ்சிருச்சு." அதாவது, இது இன்ன செடிதான் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். பொடியைப் பார்த்தே செடியின் பெயரைச் சொல்லும் வித்தை தெரிந்திருந்தால், நான் திருச்சியில் தாவரவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்திருப்பேனா? ஜோசியம் பார்க்கப் போயிருப்பேன்.

மூலிகை ஆய்வில் முதல் வேலை எலியும் இல்லை, சாறு எடுப்பதும் இல்லை. எந்தச் செடி என்பதற்கு ஒரு சாட்சி வைப்பதுதான். செடியை அழுத்திக் காயவைத்து, விவரத்தோடு அட்டையில் ஒட்டிய ஹெர்பேரியம் ஷீட்தான் அந்தச் சாட்சி. அது இல்லாத ஆய்வை யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

கீழாநெல்லி கதையையே பாருங்கள். 1987-ல் வெங்கடேஸ்வரன், மில்மன், புளூம்பர்க் மூவரும், இந்தச் செடியின் சாறு ஹெபடைடிஸ் பி வைரஸை என்ன செய்கிறது என்று எழுதினார்கள். புளூம்பர்க் அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கியவர். அந்தக் கட்டுரையில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. அடுத்த வருஷம் சென்னையில் தியாகராஜன் குழுவினர், வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கே பொடியைக் கொடுத்துப் பார்த்து 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் காணாமல் போயிருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. இந்த முறை செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ்.

உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா, செடியே வேறா, ஒரே செடிதான் என்றாலும் மண்ணும் பருவமும் மாறியதா? இந்த வாதத்துக்குள் போக வேண்டுமானால் எல்லாருடைய செடியும் ஏதோ ஓர் அலமாரியில் எண்ணோடு இருக்க வேண்டும். (காமாலைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு வயல் வரப்புக்கு ஓட வேண்டாம். காமாலையில் பல வகை தானாகவே இறங்கிவிடும், பேர் மூலிகைக்குப் போகும். ஹெபடைடிஸ் பி அப்படிப்பட்டதல்ல, டாக்டரிடம் போங்கள்.)

பெயர்க் குழப்பத்துக்கு நாமும் காரணம். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊரில் வளர்வதற்கு அந்தப் பெயரை எப்போதோ ஒட்டிவிட்டோம், இன்னும் மருந்து பாட்டில்களில் அப்படியே அச்சாகிறது. இதைவிட வேடிக்கை, அமாரஸின் தாயகமும் அமெரிக்க வெப்பமண்டலம்தான் என்பது தாவரவியலாளர்களின் பொதுவான கருத்து. அப்படியானால் பழைய சித்தர் பாடல்களில் வரும் கீழாநெல்லி எது? இதற்கே ஒருவர் பி.எச்டி. பண்ணலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

நாட்டு மருந்துக் கடைக் கட்டு வேண்டாம். தென்னிந்தியாவில் 25 கடைகளின் கீழாநெல்லியை டி.என்.ஏ. வரை பார்த்த ஓர் ஆய்வில், முக்கால்வாசிக் கடைகளில் அமாரஸ்தான் இருந்தது. மற்றக் கடைகளில் அதே குடும்பத்து வேறு ஐந்து இனங்கள் வந்து நின்றன. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். பறிக்கிறவர் வரப்பில் இருப்பதை ஒரே கை வீச்சில் பறித்துவிடுகிறார்.

நீங்களே போய்ப் பறியுங்கள். எங்கள் பக்கம் ஐப்பசி மழை விழுந்த பிறகு கொள்ளிடக் கரைத் தோப்புகளிலும் வாழைக் கொல்லைகளிலும் தாராளமாகக் கிடைக்கும். காப்புக் காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். பூவும் காயும் உள்ள செடியாக, வேரோடு எடுங்கள். நாலைந்து செடியாவது வேண்டும்.

பறிக்கும் முன் பத்து மடங்கு கைலென்ஸை எடுத்து, உட்கார்ந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் எல்லாம் கீழாநெல்லிதான். கிளையைத் திருப்பினால் இலைகளின் அடியில் வரிசையாகக் காய்கள் தொங்கும். காய் வழுவழுப்பாக, சின்னக் காம்போடு இருக்கிறதா? பூவின் இதழ் அடுக்கில் ஐந்து மடல் இருக்கிறதா? அப்படியானால் அமாரஸ் பக்கம் வந்துவிட்டீர்கள். ஆறு மடல் இருந்தால் அதன் உறவுச் செடிகளான டெபிலிஸ் அல்லது ஃபிராட்டர்னஸ். காய்க்குக் காம்பே இல்லாத மாதிரி, மேல்தோல் சொரசொரப்பாக, தண்டில் சிவப்பும் தெரிந்தால் அது யூரினேரியா, செங்கீழாநெல்லி என்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் முற்றிய காயை நகத்தால் உடைத்து விதையைப் பாருங்கள். அமாரஸ் விதையில் கோடுகள் நீளவாக்கில் ஓடும், யூரினேரியா விதையில் குறுக்காக ஓடும். கடுகைவிடச் சின்ன விதை, ஆனால் மாணவர்களுக்கு இந்த ஒரு காட்சி பிடித்துப்போய்விட்டால் அப்புறம் பெயர் மறக்கவே மறக்காது.

குறிப்பை அங்கேயே எழுதுங்கள். "ரூமுக்குப் போய் எழுதிக்கலாம்" என்பவர்கள் எழுதுவதே இல்லை. தேதி, ஊர், ஜி.பி.எஸ்., வயலா தோப்பா, நிழலா வெயிலா, செடியின் உயரம், பூவின் நிறம், உள்ளூர்க்காரர் சொல்லும் பெயர், உங்கள் சேகரிப்பு எண். காய்ந்த பிறகு எது தெரியாதோ அதை முதலில் எழுதுங்கள்.

அழுத்துவதையும் அங்கேயே செய்ய வேண்டும். இந்தச் செடி பறித்த கொஞ்ச நேரத்தில் இலையை மூடிக்கொள்ளும், தாமதமானால் உதிர்க்கவும் செய்யும். பழைய தினத்தந்தித் தாளுக்கு நடுவில் விரித்து, ஒரு கிளையையாவது அடிப்பக்கம் மேலே தெரியத் திருப்பி வையுங்கள். அடிப்பக்கம் தெரியாத கீழாநெல்லி ஷீட்டால் யாருக்கும் பயனில்லை. செடியை அழுத்தும் பலகைச் சட்டமான பிரஸ்ஸை இறுகக் கட்டுங்கள். முதல் சில நாள் தினமும் தாளை மாற்றுங்கள். அடைமழை நாளில் இதில் சோம்பல் பட்டால் பூசணம்தான் மிஞ்சும். உதிர்ந்த இலை, காயைத் தூக்கிப் போடாமல் ஒரு சின்னக் கவரில் சேர்த்து வையுங்கள், அதையும் ஷீட்டிலேயே ஒட்ட வேண்டும்.

காய்ந்ததும் கவரில் மூடி டீப் ஃப்ரீசரில் சில நாள் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். முன்பெல்லாம் பாதரசக் குளோரைடு கரைசலில் முக்குவார்கள். அது கொடிய விஷம், நீங்கள் தொட வேண்டாம். பழைய ஷீட்டுகளைப் புரட்டினால் கையைக் கழுவிவிட்டே டீ குடியுங்கள்.

28-க்கு 42 சென்டிமீட்டர் கெட்டி அட்டையில் ஒட்டி, தண்டை நூலால் தைத்து, வலது கீழ் மூலையில் லேபிள் ஒட்டுங்கள்.

இப்போது மாணவர்கள் தவறவிடும் இடம். ஷீட்டுக்கு ஒரு செடி ஓரிடத்தில் பறிப்பார்கள், சாறு எடுக்க ரெண்டு கிலோ வேறெங்கோ வாங்குவார்கள். அந்த ஷீட் எதற்கும் சாட்சி அல்ல. ரெண்டும் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே கையால் பறித்ததாக இருக்க வேண்டும். மொத்தமாகப் பறித்ததையும் காய வைக்கும் முன் தரையில் பரப்பி, ஒவ்வொரு செடியாக எடுத்துப் பாருங்கள். மேலாநெல்லி, வேறு களை எல்லாம் அப்போது மாட்டும். நிழலில் காயவைத்து அரைத்ததும் ஒரு கைப்பிடிப் பொடியைத் தேதி போட்டுத் தனியாக எடுத்து வையுங்கள்.

இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு பெல்ஜியத்தைச் சொல்வேன். 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே போனது. ஸ்டெபானியா என்ற மூலிகை என்று நினைத்து அரைத்தது அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி. நம் ஆடுதீண்டாப்பாளையும் அந்த அரிஸ்டோலோக்கியா வகைதான். சீனத்தில் ஸ்டெபானியாவுக்கும் அரிஸ்டோலோக்கியாவுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர்.

ஷீட்டை வீட்டு பீரோவில் வைக்காதீர்கள். இப்படிப்பட்ட ஷீட்டுகளைப் பாதுகாக்கும், சர்வதேசப் பட்டியலில் குறியீடு உள்ள ஹெர்பேரியத்தில் கொடுங்கள்: கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் எம்.எச்., திருச்சியில் ராப்பினட் ஹெர்பேரியத்தின் ஆர்.எச்.டி., புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் எச்.ஐ.எஃப்.பி., பெங்களூரில் எஃப்.ஆர்.எல்.எச். ரெண்டு பிரதி செய்து இரண்டு இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் தரும் எண்ணைக் குறியீட்டோடு கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எழுதுங்கள். சர்டிபிகேட்டில் கையெழுத்தும் சீலும் இருந்து எண் மட்டும் இல்லையென்றால், வாங்காமல் அங்கேயே நின்று கேளுங்கள்.