தகவல் வரவில்லை என்றால் எரிமலை அமைதி என்று பொருளல்ல: தொலைதூரத் தீவுகளைக் கண்காணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்தமான் கடலில், போர்ட் பிளேரிலிருந்து (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 135 கி.மீ. தள்ளி, ஆள் இல்லாமல் கிடக்கிறது பேரன் தீவு (Barren Island). இந்தியாவில் இன்றும் உயிர்ப்போடு இருக்கும் எரிமலை அது. இப்படிப்பட்ட தீவுகளைக் கண்காணிக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன: தகவல் வராததை, ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

எரிமலையின் நிலையை விமானங்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை நிறங்கள் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. கருவியே இல்லாத தீவுக்குப் பச்சை போடாதீர்கள். பச்சை என்றால் வழக்கமான நிலை. வழக்கம் எது என்று அளந்து வைத்திருந்தால்தான் அதைச் சொல்ல முடியும். அலாஸ்கா எரிமலை ஆய்வகம் இத்தகைய எரிமலைகளை ‘நிறம் ஒதுக்கப்படாதவை’ என்றே வைத்திருக்கிறது. அதுதான் நேர்மையான வழி.

தீவில் அதிர்வை அளக்கும் ஒரே நிலையமும் ஓய்ந்துவிட்டால்? அதற்காகத்தான் அதிர்வுத் தரவோடு பேட்டரியின் வோல்டேஜையும் சேர்த்து அனுப்ப வேண்டும். 12.6 வோல்ட்டிலிருந்து நாள் கணக்கில் மெல்ல இறங்கி 11.5 அருகே நின்றிருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சோலார் தகட்டைச் சாம்பல் மூடியிருக்கலாம். 12.6-இல் இருக்கும்போதே சட்டென்று அறுந்திருந்தால் ஆன்டெனா சாய்ந்திருக்கலாம், வெடிப்பாகவும் இருக்கலாம். உடனே செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள்.

பேட்டரியில் சிக்கனம் பிடிப்பது வீண். 3 வாட் இழுக்கும் நிலையத்துக்கு நாளொன்றுக்கு 72 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர்-மணி. வெயிலே இல்லாமல் 30 நாள் ஓட 180. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் சீக்கிரம் கெடும், ஆகவே 360 வையுங்கள். தகட்டை நன்றாகச் சரித்து நிறுத்தினால் சாம்பல் தானாக வழுக்கி விழும்.

கருவி வைக்க முடியாத தீவு என்று கைவிட்டுவிடவும் வேண்டாம். அலாஸ்காவின் போகோஸ்லாஃப் 2016 டிசம்பரிலிருந்து 2017 ஆகஸ்ட் வரை 60-க்கும் மேற்பட்ட முறை வெடித்தது. தீவில் ஒரு கருவிகூடக் கிடையாது. பக்கத்துத் தீவுகளின் அதிர்வுமானிகள், காதுக்கு எட்டாத தாழ் ஒலியைப் பிடிக்கும் கருவிகள், மின்னல் பதிவுகள், செயற்கைக்கோள் எல்லாம் சேர்ந்துதான் அதைப் பின்தொடர்ந்தன. இங்கே சறுக்குவது நேரக் கணக்கில். ஒலி 60 கி.மீ. கடக்க ஏறத்தாழ 3 நிமிடம், 800 கி.மீ. கடக்க 40 நிமிடம் ஆகும். அதைக் கழிக்காமல் பதிவுகளை ஒப்பிட்டால் ஒரே வெடிப்பை இரண்டாக எண்ணிவிடுவீர்கள். எல்லாப் பதிவையும் உலகப் பொது நேரத்திலேயே எழுதுங்கள்.

போகோஸ்லாஃப் இன்னொன்றையும் காட்டியது. கடல்நீருக்குள்ளிருந்து வெடிக்கும்போது மேகத்தில் பனிக்கட்டி மிகுந்துவிடும். அகச்சிவப்புப் படத்தில் சாம்பலின் அடையாளம் அதில் மறைந்துபோகும். ‘சாம்பல் தென்படவில்லை’ என்பதைச் ‘சாம்பல் இல்லை’ என்று மாற்றி எழுதாதீர்கள். மின்னல் பதிவையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாயு அளவை மட்டும் நம்புவதும் அப்படித்தான். 2022 ஜனவரி 15 அன்று டோங்காவின் ஹுங்கா எரிமலை 57 கி.மீ. உயரத்துக்குப் புகையை எறிந்தது. கந்தக டைஆக்சைடோ அதன் பருமனுக்கு மிகக் குறைவு, ஏறத்தாழ 4 லட்சம் டன். அன்றே கடலடிக் கேபிளும் அறுந்தது. தகவல் போகும் பாதை ஒன்றே ஒன்று என்றால் அது தேவைப்படும் நாளில்தான் அறுந்துபோகும். சாட்டிலைட் போன் தனியாக இருக்கட்டும்.

பகல் படத்தோடு நின்றுவிடாதீர்கள். 2017 ஜனவரியில் பேரன் தீவருகே சென்ற இந்தியக் கடலாய்வுக் குழு பகலில் சாம்பல் மேகத்தை மட்டுமே கண்டது. இருட்டிய பிறகுதான் வாயிலிருந்து குழம்பு சிவப்பாகப் பீறிட்டுச் சரிவில் வழிவது தெரிந்தது. வெப்பப் படத்திலும், வெயிலில் சுட்ட கரும்பாறை பகலில் ஏமாற்றும். இரவுப் படமே நம்பகமானது.

எல்லாவற்றையும்விட உயிர்களைக் காவு வாங்கிய தவறு ஒன்று உண்டு: சுனாமி என்றாலே பெரிய நிலநடுக்கம் முந்தி வரும் என்ற நம்பிக்கை. 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனக் கிரக்கத்தா எரிமலைத் தீவின் தென்மேற்குச் சரிவு கடலுக்குள் இடிந்து விழுந்தது. எச்சரிக்கை அமைப்பைத் தூண்டும் அளவுக்கு நிலநடுக்கம் பதிவாகவில்லை. அதனால் எழுந்த சுனாமியை முதலில் உயர் ஓதம், அதாவது கடலின் வழக்கமான ஏற்றம், என்றே அறிவித்தார்கள். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செங்குத்தான சரிவுள்ள தீவுக்கு அதிர்வுமானி மட்டும் போதாது. கடல்மட்ட அளவிகளைத் தீவுக்கு அருகிலேயே, எதிர்க்கரைக்கு அலை சேரும் முன் பதிவாகும் இடங்களில் வைத்து, அவற்றின் அலாரத்தை அதிர்வுத் தரவுக்காகக் காத்திராமல் நேரே ஒலிக்கச் செய்ய வேண்டும்.